யாரும் எடுத்துக்கொள்ளாத கேன்கள்

ஊரப்பாக்கத்தில் ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கும் அந்த அடுக்ககத்தில் நாற்றம் எடுக்க ஆரம்பித்தது ஒரு சனிக்கிழமை காலை. வாரம் முழுக்கக் கிண்டியில் ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்த்து, போகவர ரயிலில் நின்றே பயணம் செய்து, சனிக்கிழமையாவது கொஞ்சம் அதிகம் தூங்கலாம் என்று படுத்திருந்தாள் மிருதுளா. விடிந்தும் விடியாமலும் போன் அடித்தது. எடுப்பதற்குள் இன்னொரு அழைப்பு. ஜன்னலைத் திறந்தாள். அழுகிய முட்டை வாடை முகத்தில் அறைந்தது.

மிருதுளா அந்தக் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். விரும்பி ஆனவள் இல்லை. போன வருடக் கூட்டத்தன்று அவளுக்குக் காய்ச்சல், போகவில்லை. வராதவர் பெயரை எழுதிவிடுவது அங்கே வழக்கம். அவள் கணவன் ராகவேந்திரா புனேயில் வேலை பார்த்தான். மாதம் ஒருமுறை வருவான். "வேணாம்னு சொல்லிடேன்" என்று போனில் சொன்னான். யாரிடம் சொல்வது? வேறு ஆள் பிடித்துக் கொடுத்தால்தான் விடுவார்கள். ஆள் பிடிக்க அலைவதைவிட அந்த வேலையையே பார்த்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. அன்றிலிருந்து லிஃப்ட் நின்றாலும் தண்ணீர் லாரி வராவிட்டாலும் மிருதுளாதான்.

நாற்றத்துக்குக் காரணம் பின்பக்கம் இருந்த கழிவுநீர் சுத்திகரிப்புத் தொட்டி. அந்தப் பகுதியில் பாதாளச் சாக்கடை இன்னும் வரவில்லை. எல்லா வீட்டுக் கழிவுநீரும் அந்தத் தொட்டிக்குத்தான் போகும். அதில் காற்றை ஊதி ஊதி நுண்ணுயிர்களை வளர்த்து, அழுக்கை அவை தின்றபின் தெளிந்த நீரைச் செடிகளுக்கு விடுவார்கள். நுண்ணுயிர் செத்தால் தொட்டியே செத்த மாதிரி.

"எல்லாம் செத்துப்போச்சு மேடம்" என்றான் விக்கி. அந்தச் சுத்திகரிப்பு ப்ளான்ட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆள் அவன்தான். "தண்ணி கருப்பா கீது. யாரோ இன்னாவோ ஊத்திட்டாங்க போல."

அவன் எதையும் யோசிக்காமல் சொன்ன கடைசி வாக்கியத்தைப் பக்கத்தில் நின்ற பொருளாளர் ஸ்ரீநிவாசராகவன் பிடித்துக்கொண்டார். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். காலையும் மாலையும் வளாகத்தை வலம் வருவது அவர் வழக்கம். அன்று மாலையே அவர் மொட்டை மாடியிலிருந்து எட்டிப் பார்த்து எடுத்த படம் ஒன்று சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. நான்காவது மாடி வீட்டின் பால்கனி. சுவரோரமாகப் பத்துப் பன்னிரண்டு வெள்ளைப் பிளாஸ்டிக் கேன்கள். முன்னால் இருந்தவற்றில் சிவப்பு மையில் கொட்டை எழுத்தில் 'பயன்படுத்திய ஃபிக்ஸர் – விஷம் – கொட்டாதீர்கள்'.

படத்தின் கீழ் அவர் ஒரே வரி எழுதியிருந்தார்: 'காரணம் கிடைத்துவிட்டது.'

அந்த வீட்டில் வாடகைக்கு இருந்தவன் ஃபிரெடி. முப்பதைத் தாண்டியிருக்க மாட்டான். தாயார் ரத்தினபாயோடு இருந்தான். அவர் நாகர்கோவில் பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பையன் ஏதோ கேமரா வேலை செய்கிறான் என்பதற்கு மேல் மிருதுளாவுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை அவர்கள் சர்ச்சுக்குப் போய்வந்த பிறகு அவள் மேலே போனாள். லிஃப்ட் வேலை செய்யவில்லை. நான்கு மாடியும் ஏறி மூச்சு வாங்க நின்றவளை ஃபிரெடி உள்ளே கூப்பிட்டு மின்விசிறியின் கீழ் உட்காரவைத்தான்.

"குரூப்ல பார்த்தேன் அக்கா. நான் ஒரு சொட்டுகூட ஊத்தலை."

"அப்போ அதெல்லாம் என்ன ஃபிரெடி?"

அவன் வேலையைச் சொன்னான். ஃபிலிம் ரோலில் படம் எடுப்பது இப்போது இளைஞர்களிடையே மறுபடி பரவி வருகிறது. கருப்பு வெள்ளை ரோலைக் கழுவிக்கொடுக்க ஆள் இல்லாததால் சென்னை முழுவதிலிருந்தும் கூரியரில் அவனுக்கு அனுப்புகிறார்கள். இரண்டாவது குளியலறையை இருட்டறையாக்கி அங்கேதான் கழுவுகிறான். முதலில் படத்தை வரவழைக்க டெவலப்பர் என்ற மருந்து. பிறகு அதை நிலைக்கவைக்க ஃபிக்ஸர். ஃபிலிமில் மிச்சமிருக்கும் வெள்ளியைக் கரைத்து எடுத்துக்கொள்வது ஃபிக்ஸர்தான்.

"வெள்ளி கரைஞ்ச தண்ணி மீனுக்கு ஆகாது, நம்ம தொட்டியில இருக்கிற பாக்டீரியாவுக்கும் ஆகாது. அதான் ஊத்தாம சேர்த்துவச்சேன். ரெண்டையும் கலக்காம தனித்தனியா. யாராவது தெரியாம எடுத்துடக்கூடாதுன்னு எழுதியும் வச்சேன்."

"எத்தனை நாளா?"

"குடிவந்ததுல இருந்து. எங்க கொண்டுபோய்க் கொடுக்கிறதுன்னு தெரியலை. ரெண்டு மூணு ஆபீஸுக்கு போன் பண்ணேன். ஒருத்தர் இன்னொருத்தர் நம்பரைக் கொடுத்தார். கடைசியா கொடுத்த நம்பர் முதல்ல பேசினவரோடது."

உள்ளேயிருந்து ரத்தினபாய் தேநீர் கொண்டுவந்தார். கண் சிவந்திருந்தது. "கீழே பெஞ்சில போய் உட்கார்ந்தேன்மா. பேசிட்டு இருந்தவங்க ரெண்டு பேரும் எழுந்து போயிட்டாங்க" என்றார். மிருதுளா தேநீரை ஊதிக் குடித்தாள். களைப்பில் ஆறுதலாக ஒரு வார்த்தையும் மனசில் ஊறவில்லை.

அன்று சாயங்காலமே அவசரக் கூட்டம். கார் நிறுத்துமிடத்தில் நாற்காலிகள் போட்டு, மூக்கில் கைக்குட்டையோடு உட்கார்ந்தார்கள். ஃபிரெடி எழுந்து நின்று விளக்கினான். பாதிப்பேர் கேட்கவில்லை.

"ஊத்தலைன்னா நாற்றம் எங்கேர்ந்து வந்தது?" என்று கேட்டார் ஸ்ரீநிவாசராகவன்.

"சார், ஊத்தியிருந்தா கேன் எல்லாம் காலியா இருக்குமே."

பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "தம்பி, எதுக்கு இவ்வளவு பேச்சு? கேட்டுக்கு வெளியே மழைநீர்க் கால்வாய் இருக்குல்ல, ராத்திரியோட ராத்திரியா அதுல விட்டுடுங்க. நமக்குப் பிரச்சினை முடிஞ்சுது."

பலரும் தலையாட்டினார்கள். விஷம் வைத்திருக்கிறான் என்று கத்தியவர்களும் அதே தலையைத்தான் ஆட்டினார்கள் என்பதை மிருதுளா பார்த்துக்கொண்டிருந்தாள். கேன்கள் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் வளாகத்தில் இருக்கக்கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். அதைத் தன் கையால் எழுதிக் கையெழுத்தும் போட்டாள். செயலாளர் அல்லவா.

திங்கட்கிழமை காலை ஸ்டேஷனுக்குக் கிளம்பியவள், ஏதோ உறுத்த, வழியில் ப்ளான்ட் அறைக்குள் எட்டிப் பார்த்தாள். உள்ளே சத்தமே இல்லை. எப்போதும் தரை அதிர ஓடும் காற்று ஊதும் மோட்டார் நின்றிருந்தது. விக்கி பைக்கில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"ஏன் மோட்டார் ஓடலை?"

"அது சாயந்தரம்தான் மேடம் போடுவேன்."

"நாள் முழுக்க ஓடணும் இல்லையா?"

"ஓடணும்தான். கரண்டு பில்லு ஜாஸ்தியா வருதுன்னு பொருளாளர் சாருதான் பகல்ல ஆஃப் பண்ணச் சொன்னாரு. நானு அப்பவே சொன்னேன், காத்து இல்லைன்னா பூச்சி செத்துடும் சார்னு. பாத்துக்கலாம்னாரு. எனக்கு இன்னாத்துக்கு பேஜாருன்னு வுட்டுட்டேன்."

மிருதுளாவுக்கு நினைவு வந்தது. மின்செலவைக் குறைத்துவிட்டதாக அவர் முந்தைய கூட்டத்தில் அறிவித்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. அவளும் தட்டியிருந்தாள்.

அன்று ரயிலைத் தவறவிட்டு அவர் வீட்டுக் கதவைத் தட்டினாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மோட்டாரை நாள் முழுக்க ஓட்டச் சொல்றேன். ஆனா மேடம், அது வேற, இது வேற. கேன் கேன்தானே? தீர்மானம் தீர்மானம்தானே?" என்றார்.

சண்டை போட்டிருக்கலாம். அதற்குத் தெம்பு வேண்டும். அவள் படியிறங்கி அடுத்த ரயிலைப் பிடிக்கப் போய்விட்டாள். ஆனால் ரயிலில் கம்பியைப் பிடித்து நின்றபடி ஃபிரெடிக்குப் போன் போட்டு, தன் காரில் கேன்களை ஏற்றிப் போக ஏற்பாடு செய்யலாம் என்று சொன்னாள். சொன்ன பிறகுதான் எங்கே ஏற்றிப்போவது என்ற கேள்வி வந்தது.

புதன்கிழமை ஆபீஸிலிருந்து சீக்கிரம் கிளம்பி, தாம்பரத்தில் இறங்கினாள். ஃபிரெடி அங்கே காத்திருந்தான். கிழக்குத் தாம்பரத்தில் பழைய கலர் லேப் ஒன்று இருந்தது. உரிமையாளர் சிரித்தார். "இப்போ எல்லாம் பிரிண்டர்தான் மேடம். தண்ணியே கிடையாது. கெமிக்கலைக் கண்ணால பார்த்து வருஷம் ஆச்சு." பக்கத்து ஸ்கேன் சென்டரிலும் அதே பதில்: எக்ஸ்ரே நேராகக் கம்ப்யூட்டருக்குப் போய்விடுகிறது, ஃபிலிம் கழுவுவதே இல்லை. அங்கிருந்த ஒருவர்தான் கீழ்க்கட்டளையில் பழைய எக்ஸ்ரே ஃபிலிம் வாங்கும் ஆள் இருப்பதாகச் சொன்னார். ஃபிக்ஸரும் எடுத்துக்கொள்வாராம்.

வியாழக்கிழமை அவள் அரைநாள் விடுப்பு எடுத்தாள். ஃபிரெடி கேன்களின் மூடிகளை இறுக்கி, கார் டிக்கியில் பிளாஸ்டிக் தட்டு விரித்து, ஃபிக்ஸர் ஒருபுறமும் டெவலப்பர் மறுபுறமுமாக அடுக்கினான். ஜன்னல்களைத் திறந்துவைத்தும் புளித்த காடி வாடை காருக்குள் சுற்றியது. பல்லாவரம் தாண்டுவதற்குள் மிருதுளாவுக்குத் தலைவலி வந்துவிட்டது.

கீழ்க்கட்டளை ஆள் தகரக் கொட்டகைக்குப் பின்னால் வேலை செய்துகொண்டிருந்தார். ஒரு பெரிய டிரம்மில் ஃபிக்ஸரை ஊற்றி ஏதோ ஒரு பொடியைப் போட்டால் வெள்ளி கறுப்புச் சேறாக அடியில் படியும். கேனைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. "எவ்ளோ இருந்தாலும் எறக்குங்க மேடம்."

ஃபிரெடி முதல் கேனை இறக்கிவைத்தான். அவன் தோள் அப்போதுதான் தளர்ந்ததை மிருதுளா கவனித்தாள். அவளுக்கும் அப்படித்தான் இருந்தது. முடிந்தது, வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம்.

அப்போது ஃபிரெடி கேட்டான்: "அண்ணா, வெள்ளி எடுத்தப்புறம் மிச்சத் தண்ணியை என்ன பண்ணுவீங்க?"

"இன்னா பண்றது? அதோ, கால்வா கீதே."

கொட்டகையிலிருந்து ஒரு சிமெண்ட் வாய்க்கால் வெளியே ஓடிக் கால்வாயில் விழுந்தது. அது விழும் இடத்தைச் சுற்றிப் புல் கருகி மஞ்சளாகிக் கிடந்தது. கால்வாய் எங்கே போகிறது என்று கேட்க வேண்டியதில்லை. ஏரி கண்ணெதிரே தெரிந்தது.

மிருதுளா கார் அருகே போய் நின்றாள். திரும்பிப் பார்க்காமல் கிளம்பிவிடலாம் என்று தோன்றியது. யாருக்குத் தெரியப்போகிறது? வாங்கிக்கொள்ள ஒருவர் இருக்கிறார், கொடுத்தாகிவிட்டது, அதற்கு மேல் அவர் பாடு. அந்த எண்ணம் அவளுக்கு வெட்கத்தைத் தரவில்லை, நிம்மதியைத்தான் தந்தது. கதவைத் திறந்து உட்கார்ந்து சாவியைக் கையில் எடுத்தாள்.

பின்னால் டிக்கி திறக்கும் சத்தம் கேட்டது. ஃபிரெடி இறக்கிய கேனைத் திரும்ப ஏற்றிக்கொண்டிருந்தான். வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"மன்னிச்சுக்குங்க அக்கா."

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என் லீவு, என் பெட்ரோல், என் தலைவலி. உனக்கு மன்னிப்புக் கேட்டா முடிஞ்சுதா?"

"இல்லை அக்கா. ஆனா இங்க விட்டுட்டுப் போறதுக்கு நான் முதல் நாளே பாத்ரூம்ல ஊத்தியிருக்கலாம். இத்தனை நாள் இதுங்க கூடக் குடித்தனம் பண்ணியிருக்க வேண்டாம்."

அவள் சாவியைத் திருகி, காரை ஊரப்பாக்கத்துக்குத் திருப்பினாள். வளாகத்துக்குள் கேன்களை இறக்க முடியாதபடி நுழைவாயிலிலேயே ஸ்ரீநிவாசராகவன் நின்றிருந்தார். கேன்கள் அவள் காரிலேயே இருந்தன.

வழி சொன்னது ஹெப்சி. தாம்பரத்தில் ஏறி மிருதுளாவோடு தினமும் கிண்டி வரை வருபவள். ஒரு தனியார் மருத்துவமனையில் எக்ஸ்ரே பிரிவில் வேலை. வெள்ளிக்கிழமை காலை ரயிலில் மிருதுளாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னடி, ஆஸ்பத்திரியில சேர்க்கிற மாதிரி இருக்கே?" என்று கேட்டாள். கதையைக் கேட்டவள், "எங்களுக்கு ஃபிலிம் இருந்த காலத்துல திருமுடிவாக்கத்துலேர்ந்து லைசென்ஸ் உள்ள யூனிட் ஒண்ணு வந்து எடுத்துட்டுப் போகும். இன்னும் இருக்கான்னு கேட்டுச் சொல்றேன்" என்றாள். மதியத்துக்குள் நம்பர் வந்தது.

சனிக்கிழமை வண்டலூரில் திரும்பி வெளிவட்டச் சாலை வழியாகப் போனார்கள். திருமுடிவாக்கம் தொழிற்பேட்டைக்குள் லேத் சத்தமும் வெல்டிங் பொறியுமாக இருந்த தெருக்களில் இரண்டு முறை வழி தவறி, ஒரு வழியாக அந்த ஷெட்டைக் கண்டுபிடித்தார்கள். நிர்வாகி அனந்தகிருஷ்ணன் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும் நேரம்.

"வீட்டுக்காரங்ககிட்ட நாங்க எடுக்கிறதில்லை மேடம். ஆஸ்பத்திரி, பிரஸ், கம்பெனி மட்டும்தான். உள்ளே என்ன இருக்குன்னு தெரியாம எடுத்தா எங்க லைசென்ஸுக்கே ஆபத்து."

மிருதுளா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். யாரும் உட்காரச் சொல்லவில்லை. "சார், இதை வச்சுக்கிட்டு நாங்க ஊர் பூரா சுத்திட்டோம். முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிடுங்க. ஆனா அப்புறம் எங்க போறதுன்னு நீங்களே சொல்லிடுங்க. எனக்கு யோசிக்கத் தெம்பு இல்லை."

அவர் டப்பாவை மூடினார். வெளியே வந்து கேன்களைப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் என்ன மருந்து, எப்போது நிரப்பியது, வேறு எதுவும் கலக்கவில்லை என்று ஃபிரெடி எழுதி ஒட்டியிருந்ததை மெதுவாகப் படித்தார். ஒரு கேனைத் திறந்து சிறு காகிதப் பட்டையை நனைத்து எடுத்தார். அது பழுப்பாக மாறியது.

"நல்லா வெள்ளி இருக்கு. யாருப்பா லேபிள் ஒட்டினது?"

"நான்தான் சார்."

"சில ஆஸ்பத்திரிங்ககூட இப்படி அனுப்பினதில்லை" என்றார். பிறகு சொன்னார்: "ஃபிக்ஸரை எடுத்துக்கறேன். மெஷின்ல மின்சாரம் விட்டு வெள்ளியைப் பிரிச்சுட்டு, மிச்சத்தை எங்க டேங்க்ல சுத்தம் பண்ணுவோம். டெவலப்பர் எங்களுக்கு உபயோகம் இல்லை. ஆனா அபாயக் கழிவு எடுக்கிற லாரி எங்களுக்கு வரும். அவங்ககிட்ட கேட்டு உங்க பேர்ல பதிஞ்சு அனுப்பறேன். இனிமே கேன் நாலஞ்சு சேர்ந்ததும் போன் பண்ணிட்டு வாங்க. வருஷக்கணக்கா சேர்க்காதீங்க தம்பி, பழசானா வாடை தாங்காது."

ஷெட்டின் பின்னால் இருந்த தொட்டிகளையும் அவர் காட்டினார். மிருதுளாவுக்கு எதுவும் மனதில் பதியவில்லை. கேன்கள் ஒவ்வொன்றாக உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஃபிரெடி கடைசிக் கேனைத் தானே தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தான். திரும்பும்போது கார் ஓடிய சிறிது நேரத்திலேயே தூங்கிப்போனான். வாயைத் திறந்துகொண்டு தூங்கும் அவனைப் பார்த்தபோது இத்தனை நாளும் தன்னைப் போலவே இவனும் சரியாகத் தூங்கவில்லை என்று அவளுக்கு உறைத்தது.

அதற்குள் மோட்டார் நாள் முழுக்க ஓடத் தொடங்கியிருந்தது. விக்கி வேறொரு அடுக்ககத்தின் ப்ளான்ட்டிலிருந்து நுண்ணுயிர் உயிரோடு இருக்கும் சேற்றை டேங்கரில் கொண்டுவந்து விட்டான். சில வாரங்களில் வாடை குறைந்து, பிறகு இல்லாமலே போயிற்று. ஸ்ரீநிவாசராகவன் குழுவில் எழுதினார்: 'கெமிக்கல்கள் அகற்றப்பட்டபின் பிரச்சினை தீர்ந்தது. ஒத்துழைப்புக்கு நன்றி.' கைகூப்பும் பொம்மைகள் வரிசையாக விழுந்தன.

மிருதுளா ஆபீஸில் சாப்பாட்டு இடைவேளையில் உட்கார்ந்து நீளமாக ஒரு பதில் எழுதினாள். மோட்டாரைப் பகலில் நிறுத்தியதுதான் காரணம், ஃபிரெடி ஒரு துளிகூடக் கொட்டவில்லை, கைதட்டிய நம் எல்லோருக்கும் இதில் பங்கு உண்டு, அவனிடமும் அவன் தாயாரிடமும் நாம் வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்று. அனுப்பிவிட்டுக் காத்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து யாரோ லிஃப்ட் மறுபடி நின்றுவிட்டது என்று எழுதினார்கள். பேச்சு அங்கே போய்விட்டது. வருத்தம் தெரிவிக்க ஒருவரும் மாடி ஏறவில்லை. பெஞ்சிலிருந்து எழுந்துபோன பெண்களில் ஒருத்தி மட்டும் ஒரு நாள் ரத்தினபாயிடம் மழை வருமா என்று கேட்டாளாம்.

வாடகை ஒப்பந்தம் முடிந்தபோது, பெங்களூரில் இருந்த வீட்டுக்காரர் புதுப்பிக்க மறுத்தார். 'கம்ப்ளெய்ன்ட் வந்த வீடு' என்றாராம். மிருதுளா அவரோடு போனில் பேசினாள், செயலாளர் என்ற முறையில் எழுதியும் கொடுத்தாள். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார், மனம் மாறவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாமான்களை ஏற்றிய டெம்போ போனது. ரத்தினபாய் மிருதுளாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்காக ஜெபம் பண்றேன்மா. நல்லாத் தூங்குங்க" என்றார்.

ஃபிரெடி அதற்குப் பிறகும் போன் செய்வான். திருமுடிவாக்கத்துக்குப் போய்வந்தால் சொல்வான். வீடு கிடைத்த கதையை ஒரு சனிக்கிழமை மத்தியானம் சொன்னான்.

"மேடவாக்கம் பக்கம் அக்கா. வீடு பிடிச்சுது. அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி ஓனர்கிட்ட, இந்தப் பாத்ரூம் தண்ணி எங்க சார் போகுதுன்னு கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"என்னை ஒரு மாதிரி பார்த்தார். முப்பது வருஷமா வீடு வாடகைக்கு விடறேன், இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லைன்னார். பக்கத்துல நின்ன அவர் மனைவி, எதுக்குங்க இவனுக்கு வீடு, வேணாம்னு கையைக் காட்டினாங்க. அப்புறம் அம்மா உள்ளே போய் அரைமணி நேரம் பேசி வாங்கினாங்க."

மிருதுளா சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு சத்தமாகவே சிரித்தாள். கீழே யாரோ, "செகரட்டரி மேடம்" என்று கூப்பிடுவது கேட்டது. தண்ணீர் லாரி வந்திருக்கும். அவள் போனைக் காதோடு வைத்துக்கொண்டே கட்டிலில் சாய்ந்து, "அப்புறம் தண்ணி எங்க போகுதாம்?" என்று கேட்டாள்.